தபசுகாலத்துப் பூ

எங்கள் ராயபுரத்தில் வசந்தம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இலையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு மூக்கு போதும். இங்கே மூக்கை நம்பினால் வருஷம் பன்னிரண்டு மாசமும் கருவாட்டு மாசம்தான். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி இரும்புத் தாதுவைச் சிந்திக்கொண்டே போகும், அது சிவப்பு. எஞ்சின் கக்குகிற கரி கறுப்பு. இரண்டும் சேர்ந்து கொடியில் காயும் துணி, தண்ணீர்ப் பானை, சுவரில் மாட்டிய மாதா படம் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. செடிகொடிகளும் அதற்குள்தான் மூச்சுவிட வேண்டும்.

மாசி பிறந்தால் காலையில் ஈரத்துணியோடு கொல்லைக்குப் போவேன். கொல்லை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மூலையில் கக்கூஸ், ஒரு மூலையில் துணி துவைக்கும் கல், நடுவில் பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி என் குண்டுமல்லிச் செடி. அவ்வளவுதான். துணியால் துடைத்தால் பழைய இலை கரும்பச்சையாக முறைக்கும். புது இலை அப்படியில்லை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி பளபளக்கும். அதைக் கண்டுவிட்டால் போதும், போலீஸ் குவார்ட்டர்ஸ் வேப்பமரம் செம்புத் தளிர் விட்டிருப்பதும், துறைமுகத்துச் சங்கோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு குயில் கூவுவதும் அப்புறம் தானாகவே கண்ணிலும் காதிலும் விழும்.

இந்தச் செடியில் ஒரு தொல்லை. இது பூக்கத் தொடங்குகிற நேரம் எங்களுக்குத் தபசுகாலம். விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. கோயில் பீடத்திலும் பூ இருக்காது. ஆனால் விபூதிப் புதனன்று செடியின் நெற்றியில் யாரும் சாம்பல் பூசுவதில்லையே. அது பாட்டுக்கு முன்னும் பின்னுமாக நாலு மொட்டு விட்டுக்கொண்டே இருக்கும். என்ன செய்வது? மதிலுக்கு அந்தப் பக்கம் பூவம்மா வீடு. அவளுக்கு ஒரே மகள், ராஜாத்தி. தலையில் பூ நிற்கிற அளவுக்கு அந்தப் பெண்ணுக்கு முடி வளர்ந்த நாளிலிருந்து, தபசுகாலத்துப் பூவெல்லாம் மதிலைத் தாண்டி அவள் தலைக்குத்தான் போனது. அதேபோலப் புரட்டாசியில் பூவம்மா வீட்டில் கவிச்சி கிடையாது. அவளுடைய கோழிகளுக்கு அது தெரியாதாகையால் சனிக்கிழமைகூட முட்டையிடும். அந்த முட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவர்கள் விரதத்தில் எங்களுக்கு ஆம்லெட், எங்கள் தபசில் அவர்களுக்குப் பூ. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. நடந்துகொண்டிருந்தது.

ராஜாத்தியைப் புளியந்தோப்பில் நீலமேகம் என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். முதல் பிள்ளை ஆறாம் மாசத்திலேயே தங்காமல் போய்விட்டது. அந்த முறை ஏழாம் மாசப் பூமுடிப்புக்கு என்று அவள் மாமியார் பச்சையம்மா பூக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பூ வாங்குகிற நாள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இரண்டாம் முறை உண்டானபோது யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லி வைக்கவில்லை. ராஜாத்தி மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தி அம்மா வீட்டுக்கு வந்தவள், மதில் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"கடைப் பூ எனுக்கு வேணாம் பெரிம்மா. நம்ம செடில பூத்தா வைங்க. இல்லாங்காட்டி வெறுந்தலையா குந்திக்கிறேன்."

ஏழாம் மாசம் பங்குனி ஆரம்பத்தில் வருகிறது. நான் வழக்கமாகச் செடியைக் கவாத்து செய்வது தை மாசம், மூன்று ராஜாக்கள் திருநாளெல்லாம் முடிந்து சாவகாசமாக. இலையை உருவிவிட்டு, கிளையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், சரியாக ஈஸ்டரை ஒட்டி முதல் பூ கொட்டும். முதல் பூப்பில் வருகிற அளவு பூ அதற்கப்புறம் வருகிற எதிலும் வராது. இந்த முறை பங்குனி ஆரம்பத்திலேயே அது வர வேண்டும் என்று கிறிஸ்துமஸ் பலகாரம் தீர்வதற்குள் அரிவாளை எடுத்துவிட்டேன்.

அங்கேதான் என் மூத்தார் அம்புரோசுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அம்புரோஸ் என் புருஷன் வால்டருக்கு அண்ணன், அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. கோயிலில் உயிர்த்த ஞாயிறு தேர் ஜோடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்த புதிது அது. சாமியாருக்கு அடுத்தபடி கோயிலில் சத்தமாக ஜெபம் சொல்லுகிறவர் தாம்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஈஸ்டர் சாயங்காலம் ஆண்டவரும் மாதாவும் இருக்கிற தேர் எங்கள் வாசலில் நிற்கும். அவர் நீட்டுகிற தாம்பாளம் நிறைய நான் பூவைக் கொட்டுவேன். இவர் தேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் குடும்பத்துப் பூ என்று நாலு பேருக்குச் சொல்லுவார். அந்தச் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியவரில்லை.

வெட்டிக் கிடந்த கிளைகளைப் பார்த்துவிட்டு, இதென்ன அவசரம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மொத பூ ஆண்டவருக்கும்மா. வேதத்துலயே கீது. அத்தப் போயி சீமந்தத்துக்குக் குடுப்பியா?"

"தபசு காலத்துல ஆண்டவர் பூ வாங்கிக்கறதில்ல மாமா. அவரு வேணாம்னு வெச்சதத்தான் குடுக்கறேன்" என்றேன்.

அவர் வால்டரைப் பார்த்தார். வால்டர் கையிலிருந்த கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்தார். என் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அந்த உயரத்தில் ஏறிவிட்டால் எண்ணூர் வரைக்கும் தெரியும் என்று பீற்றிக்கொள்வார். வீட்டுக்குள் நடப்பது மட்டும் கண்ணில் படாது. அன்றைக்கே அவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

மாசியில் செடி தளிர்த்தது. நான் துடைக்கத் துடைக்கத் தளிர் நீண்டது. பூவம்மா தினமும் காலையில் மதில் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, கீதா?" என்பாள். செடியையும் மகளையும் சேர்த்து விசாரிக்கிற கேள்வி அது. விபூதிப் புதன் போய் இரண்டாம் வாரத்தில் அரிசி முனை மாதிரி மொட்டு தெரிந்தது. பூவம்மா மதிலைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு, கண் படும் என்று செடியின் காலடியில் ஒரு படிகாரக் கட்டியைப் புதைத்தாள். நான் என் பங்குக்கு லூர்து மாதா தீர்த்தம் ரெண்டு சொட்டு தெளித்தேன். யாருடையது வேலை செய்தாலும் சரி என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ராஜாத்தியை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பூமுடிப்பு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, பூவம்மா வீட்டிலேயே. சனிக்கிழமை பொழுது சாயும்போது செடி முழுக்க மொட்டு வெளுத்து நின்றது. நாளைக் காலையில் பறித்தால் மதியத்துக்குள் தைத்து ஜடை போட்டுவிடலாம், விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தலையிலேயே மலரும். ராஜாத்தி வந்து ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம் அது, எனக்குத் தெரியாதா.

ஞாயிறு விடிந்ததும் குளித்துவிட்டுக் கூடையோடு போனேன். செடி மொட்டையாக நின்றது.

வெளுத்த மொட்டு மட்டும் இல்லை, அரிசி அளவு பச்சை மொட்டுகூட மிச்சமில்லாமல் உருவியிருந்தார்கள். இரண்டு கிளை முறிந்து தொங்கியது. கொல்லையிலிருந்து வெளியே போகிற பின்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கத்தில் இருக்கிறது. வெளியே இருந்து வருகிற திருடன் அதை உடைக்க வேண்டும். இது உடையவில்லை. யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் சும்மா சாத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தது நானும் வால்டரும்தான். வால்டர் காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வேலைக்கும் போனது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம்.

பூவம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"வுடுக்கா. கனகாம்பரம் வாங்கியாரச் சொல்றேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ராஜாத்தி நின்றாள். செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தபாவும் பூ வரல பெரிம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நேற்றைக்கு நிம்மதியாக வைத்த கைதான். இன்றைக்குப் பயந்து பிடித்த கை. பூ வந்தால் பிள்ளை தங்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பூ வராவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை என் வீட்டுத் தாழ்ப்பாள் சரியாக்கிவிட்டது.

நேரே அம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கையில் ஜெபமாலை. அவர் மனைவி அடைக்கலமேரி, என் ஓர்ப்படி, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். பூ எங்கே என்று கேட்டேன். தபசு காலத்தில் பூப் பேச்சு எதற்கு, தாம் எதையும் பார்க்கவில்லை என்றார். சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். கோயில் பூனை சாமிக்கு அஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை. சோறும் வடிக்கவில்லை. வால்டர் ஷிப்டு முடிந்து வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்துவிட்டார். யார் திறந்தது என்று கேட்டேன். மறைக்கத் தெரியாத மனுஷன், அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

"அண்ணன் கேட்டான். இப்ப உருவிட்டா ஈஸ்டருக்குக் கரெக்டா மறுபடி பூக்குமாம். பூ எங்கயும் போய்டல ஐரீன், நாலு வாரம் தள்ளித்தான் போவுது."

"ஏழாம் மாசம் தள்ளிப் போவுமாய்யா?"

அண்ணன் கேட்டான் என்று இன்னொரு தரம் சொன்னார். அண்ணன் கேட்டால் தாழ்ப்பாள் திறக்கும், ஒரு பெண் மதிலில் கைவைத்துக் கேட்டால் காதில் விழாது. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்கு எனக்கு அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நாலு மணிக்குப் பூவம்மா வீட்டில் பெண்கள் கூடினார்கள். ராஜாத்தியை மணையில் உட்கார வைத்து, அவளுடைய அடர்த்தியான பின்னலில் கனகாம்பரத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். கனகாம்பரத்தைக் குறை சொல்லவில்லை. பார்க்க அழகுதான். வாசனை கிடையாது. பச்சையம்மா சம்பந்தி வீட்டு மிடுக்கோடு வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூவம்மா வாயெல்லாம் சிரிப்பாக எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தாள், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. ராஜாத்தி வளையலுக்கு ஒரு கையைத்தான் நீட்டினாள்.

அப்போதுதான் வாசனை வந்தது.

முதலில் எனக்கு மனப்பிராந்தி என்றுதான் தோன்றியது. அப்புறம் பச்சையம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கினார்கள். பொழுது சாய்கிறது, மொட்டு எங்கே இருந்தாலும் மலர வேண்டிய நேரம். கருவாடு, கரி, சாக்கடை எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு குண்டுமல்லி வாசனை சந்து முழுக்க நடந்து வந்தது. தபசுகாலத்தில் எங்கள் சந்தில் ஒரு வேதக்காரர் வீட்டில்கூட ஒரு பூ இருக்கக் கூடாது. அத்தனை வாசலிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாத் தலையும் ஒரே வீட்டுப் பக்கம் திரும்பியது. மூக்கு எதற்கும் உதவாத ஊர் என்று சொன்னேனே, அன்றைக்கு ஒருநாள் உதவியது.

எழுந்து போனேன். அம்புரோஸ் வாசலில் நின்றிருந்தார். அவர் என்ன செய்வார் பாவம். பீடத்தில் வைக்க முடியாது, சாமியார் திட்டுவார். பெண்டாட்டி தலையில் வைக்க முடியாது. முதல் பூ ஆண்டவருக்கு என்று தானே சொன்ன பூவைச் சாக்கடையில் கொட்டவும் கை வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கூடையில் போட்டு மூடி வைத்திருந்தார். அடைக்கலமேரி நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கூடையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். மேலே ஈரத்துணி போட்டிருந்தாள். அது அவளாகப் போட்டது.

"மாதா பூவ எத்துனு போவாத ஐரீன்" என்றார் அம்புரோஸ். சந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

"கடத் தேங்காய எட்த்து வழிப் புள்ளையாருக்கு ஒடச்சா மாதிரி, எஞ்செடிப் பூவ எட்த்து மாதாவுக்குன்றீங்க. மாதா எப்ப கட்டிலுக்கு அடியில குடி வந்தாங்க மாமா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் அது பயன்படவில்லை. துணியைத் தூக்கிப் பார்த்தால் அத்தனையும் மலர்ந்துவிட்டிருந்தன. மலர்ந்த மல்லியை ஊசியில் குத்தினால் இதழ் உதிரும், ஜடைக்கு நிற்காது. பூவம்மா இரண்டு மூன்றைக் கோத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். கடைசியில் ராஜாத்தியின் மடியில் கொட்டினோம். அவள் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். எனக்காகச் சிரித்தாள். இன்னொரு கை இருந்த இடத்தில்தான் இருந்தது. விளக்கு வைத்து ஆரத்தி சுற்றி முடிப்பதற்குள் மடியில் இருந்த பூ ஓரமெல்லாம் பழுத்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்தேன். வால்டர் பின்னாலேயே ஓடி வந்தார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"வாணாம் ஐரீன். ஈஸ்டருக்குத் தேர் வரும். அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறான்."

வெட்டினேன். தளிர், இலை, மாசியில் விட்ட கிளை எதையும் பார்க்கவில்லை, மறுபடி முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. ராஜாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பெரிம்மா, இத்தையும் வெட்டிட்டீங்க. இனிமே எப்போ பூக்கும்?"

"வைகாசி. உனுக்கும் வைகாசிதான?"

அவள் வெட்டுப்பட்ட அடிக்கட்டையைப் பார்த்தாள். இலை விட்டால் தன்னைக் கூப்பிட வேண்டும், தானே துடைப்பதாகச் சொன்னாள். வயிற்றில் வைத்திருந்த கையை எடுத்து மதில் மேல் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஈஸ்டர் சாயங்காலம் தேர் வழக்கம்போல எங்கள் வாசலில் நின்றது. காகிதப் பூவில் ஜோடித்திருந்தார்கள். அம்புரோஸ் பழக்கத்தில் தாம்பாளத்தை நீட்டிவிட்டு, நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். நான் தேரில் இருந்த மாதாவைத்தான் பார்த்தேன்.

"மொத பூ வைகாசில ஒரு கொழந்தைக்குப் போவுது" என்றேன். "மாதாகிட்ட கேட்டுட்டேன். அவங்களும் ஏழாம் மாசத்தத் தாண்டி வந்தவங்கதான்."

தேர் நகர்ந்தது. ஊரில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அடைக்கலமேரி வந்து சொன்னாள். பேசட்டும்.

இப்போது அடிக்கட்டையில் தளிர் வந்திருக்கிறது. காலையில் ராஜாத்தியும் நானும்தான் துடைக்கிறோம். பின்கதவுக்குத் தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும், வீட்டிலிருந்து கொல்லைக்கு இறங்குகிற கதவுக்கு இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறேன், சாவி என் இடுப்பில். வால்டர் விடிகாலையில் சொம்போடு கக்கூசுக்குப் போவதென்றாலும் என்னை எழுப்பிச் சாவி கேட்டுத்தான் போக வேண்டும். வைகாசி வரைக்கும் கேட்கட்டும்.